பயிற்சியா, நாடாவா? சிறுநீர்க் கசிவுக்கு இரண்டு வழிகள்

இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சில சொட்டுச் சிறுநீர் கசிந்துவிடுகிறது. பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. ஆனால் டாக்டரிடம் வாய்திறந்து சொல்பவர்கள் குறைவு. "மூணு பிள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு, உள்ளாடையில் துணியை மடித்து வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். தொலைதூரப் பேருந்துப் பயணம், கல்யாண வீட்டில் இரவு தங்குவது, கோயில் வரிசையில் நிற்பது என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருகிறார்கள். வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போது ஏற்படுவதால் மருத்துவத்தில் இதை அழுத்தக் கசிவு என்கிறார்கள்.

இனியும் பொறுக்க முடியாது என்று ஒருநாள் மருத்துவமனைக்குப் போனால் அங்கே முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இடுப்பின் அடித்தளத்தில் உள்ள தசைகளைப் பலப்படுத்தும் பிசியோதெரபி. இன்னொன்று, சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் ஒரு மெல்லிய நாடாவைப் பொருத்தும் ஆபரேஷன். ஒன்று பெயரளவுக்குச் சொல்லப்படுகிறது. மற்றொன்று நாள் குறித்து முடிக்கப்படுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதை எந்த இடத்தில் நம்பலாம் என்பது தெளிவாகும்.

முதலில் அந்தத் தசைகளைப் பற்றி. முன்னே அடிவயிற்றின் கீழுள்ள எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போல ஒரு தசைத்தளம் விரிந்திருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. சிறுநீர்க் குழாய், பிறப்புறுப்பு, ஆசனவாய் மூன்றும் அதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. தாங்கவும் வேண்டும், வேண்டியபோது இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும், வேண்டியபோது தளர்ந்து வழிவிடவும் வேண்டும். பிரசவத்தில் இந்தத் தளம் அளவுக்கு மீறி விரிகிறது. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்த பிரசவங்களில் தசை எலும்பிலிருந்து பிய்ந்துவிடும் வாய்ப்பும் அதிகம். தீராத இருமல், மலச்சிக்கலால் நாள்தோறும் முக்குவது, பாரம் தூக்கும் வேலை, உடற்பருமன் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும்போது தளம் தொய்கிறது.

பயிற்சி வழி பழையது. இதற்கு அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகலின் பெயரே நிலைத்துவிட்டது. அவரது கட்டுரை 1948இல் வந்தது. அதற்கு முன்பே, 1936இல், லண்டனைச் சேர்ந்த நடனக் கலைஞரும் பிசியோதெரபிஸ்டுமான மார்கரெட் மாரிஸ் பிரசவத்துக்குப் பிந்தைய உடற்பயிற்சி நூலில் இந்தத் தசைகளைப் பற்றி எழுதியிருந்தார். கெகலிடம் நாம் மறந்துபோன ஒரு சிறப்பு உண்டு. அவர் வெறும் வாய்ச்சொல்லோடு பெண்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. விரலால் தசையைத் தொட்டுக் காட்டினார். பிறப்புறுப்புக்குள் வைத்தால் இறுக்கத்தின் அளவை முள்ளசைவில் காட்டும் கருவி ஒன்றையும் உருவாக்கினார். தன் தசை அசைவதைப் பெண் தன் கண்ணாலேயே பார்த்தாள். இன்று கெகல் பயிற்சி என்ற பெயர் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அவர் கற்றுக்கொடுத்த முறை பரவவில்லை.

நாடா வழி அண்மைக் காலத்தது. அதற்கு முன்பு 1961இல் ஜான் பர்ச் அறிமுகப்படுத்திய ஆபரேஷனே பெரிதும் செய்யப்பட்டுவந்தது. வயிற்றைத் திறந்து, தையல் போட்டு, சில நாள் மருத்துவமனையில் தங்க வேண்டிய வேலை அது. ஸ்வீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டென் 1996இல் வேறொரு முறையை வெளியிட்டார். பாலிபுரோப்பிலீன் இழையால் பின்னிய ஒரு நாடாவைச் சிறு கீறல்கள் வழியாகச் செலுத்திச் சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் விட்டுவிடுவது. இருமும்போது குழாய் அந்த நாடாவின் மேல் அழுந்தி மூடிக்கொள்ளும். உணர்விழக்கும் ஊசியை அந்த இடத்தில் மட்டும் போட்டு, குறுகிய நேரத்தில் முடித்துவிடலாம். சில ஆண்டுகளிலேயே அது உலகமெங்கும் பரவியதில் வியப்பில்லை.

ஆக, நாடா தசையைத் தொடுவதே இல்லை. தசை செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை, குழாயைத் தாங்கும் பகுதியை மட்டும், அது ஏற்றுக்கொள்கிறது. பயிற்சியோ தசையையே வேலை செய்ய வைக்கிறது. இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லா வேறுபாடுகளும் வருகின்றன.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட முக்கியமான ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. 2013இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. நடுத்தரம் முதல் கடுமை வரையான கசிவு கொண்ட 460 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். 230 பேருக்கு நாடா, 230 பேருக்குப் பிசியோதெரபி. விருப்பமிருந்தால் மற்றக் குழுவுக்கு மாறிக்கொள்ளலாம். ஓராண்டுக்குப் பிறகு, நாடாக் குழுவில் 90.8 விழுக்காட்டினரும் பயிற்சிக் குழுவில் 64.4 விழுக்காட்டினரும் நிலைமை தேறியிருப்பதாகச் சொன்னார்கள். முற்றிலும் குணம் என்று சொன்னவர்கள் 85.2, 53.4 விழுக்காடு. பயிற்சிக் குழுவில் 49 விழுக்காட்டினர் இடையிலேயே ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். நாடாக் குழுவிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் 11.2 விழுக்காடு.

பிசியோதெரபியை மதிப்பவர்கள் இந்த எண்களைப் பூசி மெழுகக் கூடாது. பயிற்சிக் குழுவின் தேறுதலிலேயே, மாறிப்போய் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பலனும் கலந்திருக்கிறது. பயிற்சியோடு நின்றவர்களை மட்டும் தனியே பார்த்தால் பலன் இன்னும் குறைவு. கசிவு கடுமையாக இருந்து, அது நிற்க வேண்டும் என்பது மட்டுமே கேள்வியானால், நாடா வெல்கிறது. ஃபின்லாந்தைச் சேர்ந்த கார்ல் குஸ்டாவ் நில்சனும் சகாக்களும் தாங்கள் தொடக்கத்தில் நாடா வைத்த பெண்களை 17 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, பரிசோதிக்கப்பட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவர்களுக்குக் கசிவு இல்லை.

ஆனால் அதே நெதர்லாந்து ஆய்வைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஆபரேஷன் கதவு திறந்தே கிடந்தும் பயிற்சிக் குழுவில் பாதிப்பேர் ஓராண்டு முடியும்வரை அந்தப் பக்கம் போகவில்லை. ஆய்வில் பதிவான பக்கவிளைவுகள் எல்லாம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கே வந்தன. பயிற்சியால் யாருக்கும் தீங்கில்லை. கலந்துகொண்டவர்களில் இலேசான கசிவு உள்ளவர்கள் யாரும் இல்லை என்பதும் நினைவிருக்க வேண்டும். அழுத்தக் கசிவுள்ள பெண்களில், தசைப் பயிற்சி செய்தவர்களையும் எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2018இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. குணமானதாகச் சொன்னவர்கள் பயிற்சி செய்தோரில் 56 விழுக்காடு, செய்யாதோரில் 6 விழுக்காடு. கத்தி படாமல், உடலுக்குள் எதையும் வைக்காமல் கிடைக்கும் பலன் இது.

உடலுக்குள் எதையும் வைக்காமல் என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாடாவின் வெற்றியைப் பார்த்து, அதே பொருளில் பெரிய வலைகளைச் செய்து, கர்ப்பப்பை இறக்கத்துக்கும் சிறுநீர்ப்பை இறக்கத்துக்கும் பிறப்புறுப்பு வழியாக வைக்கத் தொடங்கினார்கள். வலை தசையை அறுத்துக்கொண்டு வெளியே தலைகாட்டுவது, தீராத வலி, தாம்பத்திய உறவில் வேதனை, நடக்க முடியாத நிலை என்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் புகார் சொன்னார்கள். சதை வலைக்குள் வளர்ந்துவிடுவதால் முழுவதுமாக வெளியே எடுப்பதும் கடினம். "எல்லாம் உங்க மனசுலதான்" என்று பல ஆண்டுகள் அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் இறக்கத்துக்கான வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. இங்கிலாந்தில் 2018 ஜூலையில் கசிவுக்கான நாடாவையும் சேர்த்தே நிறுத்திவைத்தார்கள். ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு 2020 ஜூலையில் தந்த அறிக்கை, பெண்களின் குரல் எப்படிப் புறக்கணிக்கப்பட்டது என்பதைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது.

கசிவுக்கான சிறு நாடாவும் இறக்கத்துக்கான பெரிய வலையும் ஒன்றல்ல. நாடாவால் நலமடைந்து நிம்மதியாக வாழும் பெண்களே அதிகம். இருந்தாலும், தொல்லை வந்த சிலருக்கு அது வாழ்க்கையையே மாற்றிவிட்டது. பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. பயிற்சி பலிக்காவிட்டால் சில மாதங்கள் போகும். நாடா பிசகினால் போவது அதைவிடப் பெரிது. எது முதலில் என்ற கேள்விக்கு எனக்கு இதுவே விடையாகத் தோன்றுகிறது. அடுத்த குழந்தை வேண்டும் என்றிருக்கும் பெண்ணுக்கு இன்னும் ஒரு காரணம் சேர்கிறது: பொதுவாக மருத்துவர்கள் குழந்தைப்பேறு முடியும்வரை இந்த ஆபரேஷனைத் தள்ளிப்போடவே சொல்வார்கள்.

பயிற்சியின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அது எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் "கெகல் பண்ணுங்கம்மா" என்ற ஒரு வரியோடு அனுப்பப்படும் பெண், வீட்டுக்குப் போய் என்ன செய்கிறாள்? அமெரிக்காவில் ரிச்சர்ட் பம்பும் சகாக்களும் 1991இல் வெளியிட்ட சிறிய ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப்பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் செய்தது கசிவை அதிகப்படுத்தக்கூடிய முறை. உள்ளே இழுப்பதற்குப் பதில் கீழ்நோக்கி முக்கியிருக்கிறார்கள்.

பயிற்சி பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்ட் இதைச் சொல்லித்தரும் விதம் முற்றிலும் வேறு. முதலில் நிறையக் கேட்பார்: எப்போது கசிகிறது, ஒருநாளில் எத்தனை முறை போகிறீர்கள், மலச்சிக்கல் உண்டா, பிரசவம் எப்படி நடந்தது. பிறகு, சம்மதம் கேட்டு, மறைப்புக்குள் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொல்வார். கையுறை அணிந்த ஒரு விரலை மெதுவாக உள்ளே வைத்து, "காத்துப் பிரியறத அடக்குற மாதிரி பின்னால இறுக்குங்க, அப்படியே முன்பக்கமா மேல இழுங்க" என்பார். அநேகமாக எல்லோரும் முதலில் புட்டத்தை இறுக்குவார்கள், தொடைகளைச் சேர்ப்பார்கள், மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். "வயித்த விடுங்கக்கா, மூச்சு விட்டுக்கிட்டே பண்ணுங்க" என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரும்போது, ஒரு கட்டத்தில் விரலைச் சுற்றி இலேசான பிடிப்பு தெரியும். "இதுதான், இதேதான்" என்று அவர் சொல்லும் அந்தக் கணத்தில்தான் பலருக்கும் தம் உடலில் இப்படியொரு தசை இருப்பதே தெரியவருகிறது. அதன் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிட்டு, அந்த உடலுக்கேற்ற அளவை வகுத்துக் கொடுப்பார். மூன்று நொடிதான் பிடிக்க முடிகிறதென்றால் மூன்று நொடியிலிருந்தே தொடக்கம்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு வகுத்த நெறிமுறை, மேற்பார்வையோடு குறைந்தது 3 மாதப் பயிற்சி, நாளுக்கு 3 வேளை, வேளைக்குக் குறைந்தது 8 முறை என்கிறது. தசை தடித்துப் பலம் பெற அந்தக் காலம் தேவை. அதற்கு முன்பே கைகொடுக்கும் ஒரு நுணுக்கமும் உண்டு. இருமல் வருகிறது என்று தெரிந்ததும், இருமுவதற்கு ஒரு நொடி முன்னால் தளத்தசையை இறுக்கிக்கொள்வது. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இலேசானது முதல் நடுத்தரம் வரையான கசிவுள்ள 27 பெண்கள் இதை ஒரு வாரம் பழகிய பிறகு, நடுத்தர இருமலின்போது கசிவு சராசரியாக 98 விழுக்காடும், பலத்த இருமலின்போது 73 விழுக்காடும் குறைந்தது. விலையுயர்ந்த கருவிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திரையில் இறுக்கத்தைக் காட்டும் கருவியோடு பயிற்சி, கருவியில்லாமல் பயிற்சி இரண்டையும் 600 பெண்களிடம் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு 2020இல் வெளியானது. இரண்டுக்கும் பலனில் வித்தியாசமில்லை. நன்றாகச் சொல்லித்தரும் ஆள் கிடைத்துவிட்டால் கருவி வாங்கக் கடன் வாங்க வேண்டாம்.

பயிற்சியின் இரண்டாவது குறை, நாம் விட்டுவிடுவது. நார்வேயில் கரி பூ என்ற பிசியோதெரபிஸ்ட் தம்மிடம் பயிற்சி பெற்ற பெண்களை 15 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார். தீவிரமாகப் பயின்ற குழுவுக்கு முன்பு கிடைத்திருந்த கூடுதல் பலன் கரைந்துவிட்டிருந்தது. பாதிப்பேர் இடைப்பட்ட காலத்தில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். தசை எந்த வயதிலும் பயிற்சிக்கு இணங்கும். பயிற்சி நின்றால் அதுவும் தளரும். நாடாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒருமுறை வைத்தால் நம் ஒழுங்கை அது எதிர்பார்ப்பதில்லை. பல பெண்கள் அதை விரும்புவதில் உள்ள நியாயம் எனக்குப் புரிகிறது. சமையலும் வேலையும் பிள்ளைகளுமாக ஓடுகிறவளிடம் நாளுக்கு மூன்று வேளை என்பது பெரிய கோரிக்கைதான்.

நம் ஊரில் பிள்ளைபெற்றவளுக்கு என்னென்னவோ செய்கிறோம். பிரசவ மருந்து கிளறிக் கொடுக்கிறோம், வேதுத் தண்ணீர் ஊற்றுகிறோம், வயிற்றை இறுகத் துணியால் கட்டுகிறோம். அவ்வளவு பராமரிப்பிலும் இந்தத் தசையை யாரும் நினைப்பதில்லை. வயிற்றைக் கட்டுவது தளத்தசைக்குப் பயிற்சி ஆகாது. பிரான்சில் பிரசவத்துக்குப் பிறகு இந்தத் தசைப் பயிற்சி வகுப்புகளுக்கு அரசுக் காப்பீடே பணம் தருகிறது. மருத்துவச்சியோ பிசியோதெரபிஸ்டோ சொல்லித்தருவார்கள். தாய்மார்களும் அதைப் பிரசவத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தடுப்பூசி அட்டையோடு வீட்டுக்கு அனுப்பும் நம் பிரசவ வார்டுகளில் இதற்கும் கால்மணி நேரம் ஒதுக்க முடியாதா?

கர்ப்பப்பை இறக்கத்தில் ஒப்பீடு கொஞ்சம் மாறுகிறது. "அடியில என்னமோ உருண்டையா தட்டுப்படுது" என்று வரும் பெண்ணுக்கு, இறக்கம் தொடக்க நிலைகளில் இருந்தால் பயிற்சி உதவும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 447 பெண்களிடம் நடந்து 2014இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், 16 வாரத்தில் 5 முறை பிசியோதெரபிஸ்டைப் பார்த்துப் பயின்றவர்களுக்கு ஓராண்டு முடிவில் தொல்லைகள் குறைந்திருந்தன. முழுவதும் வெளியே வந்துவிட்ட கர்ப்பப்பையைப் பயிற்சி மேலே ஏற்றாது. அங்கே உள்ளே பொருத்தும் வளையமோ ஆபரேஷனோதான் வழி. அதேபோல, இருமாமல் தும்மாமல் இரவும் பகலும் சிறுநீர் வடிந்துகொண்டே இருந்தால் அது தசைத் தளர்ச்சியாக இல்லாமல் சிறுநீர்ப்பையில் விழுந்த துளையாக இருக்கலாம். அங்கே பயிற்சியில் நேரம் கடத்தக் கூடாது.

ஆபரேஷனுக்கு வேலையே இல்லாத, பிசியோதெரபிதான் முன்னே நிற்கிற இடமும் உண்டு. சிலருக்கு இந்தத் தளம் தொய்வதில்லை. ஓயாமல் இறுகிக் கிடக்கிறது. உறவின்போது தாங்க முடியாத வலி, அடிவயிற்றில் இனம்புரியாத நோவு, எவ்வளவு முக்கினாலும் மலம் இறங்காமை, சொட்டுச் சொட்டாகப் போகும் சிறுநீர். புதிதாகத் திருமணமாகி உறவு கூடாமல் தவிக்கும் பெண்கள், "உனக்கு விருப்பமில்லை" என்ற பழியையும் சுமக்கிறார்கள். இவர்களிடம் போய்க் கெகல் பயிற்சி செய்யச் சொன்னால் இறுக்கமும் வலியும் கூடும். இவர்களுக்கான பிசியோதெரபி நேர்மாறானது: வயிறு எழும்பித் தாழும் ஆழ்ந்த மூச்சு, இறுகிய முடிச்சுகளை விரலால் மெல்ல நீவித் தளர்த்துதல், படிப்படியாகப் பருமன் கூடும் விரிப்பான்கள், கழிவறையில் அமரும் முறை. தசையைத் தொட்டுப் பார்க்காமல் பயிற்சி சொல்வது தவறு என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஆண்களுக்கும் இந்தத் தளம் உண்டு. புராஸ்டேட் சுரப்பியை அகற்றிய பிறகு கசிவு வருவது வழக்கம். அவர்களுக்கும் இதே பயிற்சி சொல்லித்தரப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் தானாகவே கசிவு குறைவதால் பயிற்சியின் கூடுதல் பலனைப் பிரித்தறிவது கடினமாக இருக்கிறது.

என் தீர்ப்பு இது. அழுத்தக் கசிவுக்குப் பயிற்சியே முதல் வழி. அதுவும் ஒருவர் தொட்டுப் பார்த்துச் சொல்லித்தந்த, மூன்று மாதம் விடாமல் செய்த பயிற்சி. அப்படிச் செய்தும் கசிவு வாழ்க்கையை முடக்குமானால் ஆபரேஷனுக்குப் போவதில் எந்தத் தோல்வியும் இல்லை. நாடாவைத் தவிர, உங்கள் உடலின் சவ்வையே எடுத்து வைக்கும் முறையும் இருக்கிறது, அதையும் கேளுங்கள். ஒரு தாளையோ ஒரு வரியையோ நம்பிச் சில வாரம் செய்துவிட்டு, "பயிற்சி எனக்குப் பலிக்கல" என்று முடிவுகட்டியவர்கள் இன்னும் பயிற்சியைச் செய்து பார்க்கவில்லை என்றே பொருள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: என் தசை தளர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா? இதைப் பரிசோதித்துச் சொல்லித்தரத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் இங்கே யார்? இதற்குப் பதில் கிடைக்கும்வரை ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.